மேஜர் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பிந்துகிறது. மழைக்காலத்தில் ஆறு. வண்டிப்பெரியாரில் ரிப்பேர்க் கடைக்காரனிடம் காட்டினேன். மலையில் எல்லாக் கடிகாரமும் அப்படித்தான், ஈரம் என்றான். மற்றபடி நல்ல கடிகாரம். நேற்று வீட்டைச் சோதனை போட வந்தபோது அதைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்து வந்தீர்கள். பின்புறம் ஒரு சின்னச் சாவி நூலில் தொங்கும். அதைத் தொலைத்துவிட வேண்டாம் என்று கான்ஸ்டபிள் மத்தியாஸிடம் சொல்லியிருக்கிறேன்.

எஸ்.ஐ. சார், உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் நான் எழுதுவதை மத்தியாஸ் உங்களுக்கு மலையாளத்தில் சொல்லுவார். அவருடைய தாயாருக்கு உத்தமபாளையம். நன்றாகப் படிப்பார். வாயால் சொன்னால் உங்கள் ரைட்டர் சுருக்கிவிடுகிறார். நேற்று நான் அரை மணி நேரம் சொன்னதை ஒன்றரை வரியில் முடித்தார். அவரிடம் எஸ்டேட் ஆபீஸைக் கொடுத்தால் நன்றாக நடத்துவார். எனக்கு அவசரமில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் பெயர் விவகாரம். உங்கள் படிவத்தில் முதல் கட்டமே அதுதான், நேற்று சாயங்காலம் வரை அதைத் தாண்டவில்லை. எனக்குப் பிறந்தபோது வைத்த பெயர் பெரியமுத்து. இருபத்தைந்து வருஷமாக நான் பொன்ராஜ். செத்துப்போனவன் பிறந்தபோது பொன்ராஜ். சிலோனில் இருந்த இருபத்தைந்து வருஷமும் அவன் பெரியமுத்து. மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். குழப்பம் வராமல் இருக்க அவனை இங்கே அவன் என்றே எழுதுகிறேன்.

மாற்றிக்கொண்டதற்குக் காரணம் ஒரு நாய்.

ஐம்பத்தொன்றில் நாங்கள் இருவரும் பீர்மேட்டுப் பக்கம் வேறொரு எஸ்டேட்டில் இருந்தோம். வயது இருபது. அப்போது துரைமார் வெள்ளையாக இருந்தார்கள். இப்போது இருக்கிறவர்களையும் துரை என்றுதான் சொல்கிறோம். நிறம்தான் மாறியது, தொப்பி அதேதான். எங்கள் துரை வளர்த்த நாயின் பெயர் மேஜர். பட்டாளத்தில் துரை கேப்டன் வரைக்கும்தான் போயிருந்தார் என்று ஆபீஸ் எழுத்தர் சொல்வார். ஆகவே வீட்டில் நாய்தான் மேலதிகாரி. அது ஒருநாள் என் அம்மாவின் கெண்டைக்காலைக் கவ்வியது. நான் கல்லெறிந்தேன். முன்னங்காலில் பட்டது. அம்மாவின் காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினோம். நாயின் காலுக்குக் கோட்டயத்திலிருந்து டாக்டர் வந்தார். மறுநாள் பிரட்டில் என் பெயரை வெட்டிவிட்டார்கள்.

பிரட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் வேலைக்கு அனுப்புமுன் எல்லோரையும் களத்தில் நிறுத்தி, புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் வந்ததும் ஆஜர் என்று சொல்ல வேண்டும். பெயரை வெட்டினால் வேலை இல்லை, லயத்தில் வீடு இல்லை, சுற்றுவட்டாரத்தில் எந்த எஸ்டேட்டிலும் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பெயரைத்தான் சொல்கிறேன். முகத்தை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

அவன் கையில் அப்போது ஒரு சீட்டு இருந்தது. இப்போது நான் இருக்கிற எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவன் பெயருக்கு வாங்கி வைத்திருந்த சேர்ப்புச் சீட்டு. அதை என் சட்டைப்பையில் செருகினான்.

"இந்தாலே எம் பேரு. நீ வச்சுக்கோ."

"அப்ப நீ?"

"மாமன் சிலோனுக்கு வரச் சொல்லுதாரு. ஒம் பேர நான் கொண்டு போறேன். வெட்டுன பேரு கடலத் தாண்டுனா ஒட்டிக்கிடும்."

ஐந்து நிமிஷ வேலை. பாதி பீடியைக் கொடுப்பதுபோலக் கொடுத்தான். அவன் எதையும் அப்படித்தான் செய்வான். மாமன் அவனை எந்த வழியாகக் கொண்டுபோனார், அங்கே எப்படிப் பதிந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு கடிதம் வந்தது. அறுபதோடு நின்றுவிட்டது.

பிறர் பெயரில் வேலை பார்ப்பது எஸ்டேட்டில் அதிசயமில்லை. அக்கா பெயரில் தங்கை கொழுந்து பறிப்பாள், செத்த அண்ணன் பெயரில் தம்பி தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவான். ஆனால் லயத்தில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும், உண்மைப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் விஷயம் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மா மறு வருஷமே போய்விட்டாள். ஐம்பத்தைந்தில் ராமுத்தாயைக் கட்டினேன். அவள் கட்டியது பொன்ராஜை. மகள் சின்னத்தாயைக் கம்பத்தில் கொடுத்தபோது பத்திரிகையில் பொன்ராஜ் மகள் என்றுதான் அச்சடித்தோம். ஒரு பெயரைக் கொஞ்ச நாள் வைத்திருந்தால் அதில் ஆள் குடியேறிவிடுகிறான்.

ஐம்பத்து மூன்றில் அந்தத் துரையே மாற்றலாகி எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தார், மேஜரோடு. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வீண் பயம். ஆறு வருஷம் துரை என்னைத் தாண்டி நடந்தார், ஒருநாளும் அடையாளம் தெரியவில்லை. அவர் வெட்டியது பெயரை, அது இப்போது சிலோனில் இருந்தது. நாய் மட்டும் கண்டுபிடித்துவிட்டது. நொண்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று உறுமும். பொன்ராஜ் அண்ணாச்சிமேல் இந்த நாய்க்கு என்ன கோபம் என்று எல்லோரும் சிரிப்பார்கள். நான் யார் என்று தெரிந்த ஒரே ஜீவன் அந்த எஸ்டேட்டில் அதுதான்.

மேஜர் ஐம்பத்தொன்பதில் வயதாகிச் செத்தது. எங்கள் பாக்டரிக்குக் கரண்டு எடுக்க ஒரு சின்ன அணை உண்டு. தண்ணீருக்கு நடுவே ஒரு குன்றின் தலை தீவாக நிற்கிறது. அதில் துரை விருந்துக்கென்று ஒரு சிறு பங்களா கட்டியிருந்தார். தொழிலாளிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. நாயை அங்கேதான் புதைத்தார். மூணாறிலிருந்து கல் வந்தது. அதைச் சுமந்த நாலு பேரில் நான் ஒருவன். கல்லில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்தர் சொன்னார்: மேஜர், பதின்மூன்று வருஷ இடைவிடாத விசுவாச சேவை. துரை தொப்பியைக் கழற்றினார். நாங்களும் தலைப்பாகையை அவிழ்த்தோம். எதிர்க்கரையில் அன்று ஒரு குழந்தையை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள், அங்கிருந்தும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

பிறகு துரை சீமைக்குப் போனார். பங்களாக் கூரை விழுந்தது. எனக்கு அணை வாட்ச்சர் வேலை கிடைத்தது. காலையில் பிரட்டு முடிந்ததும் தண்ணீர் குழாய்க்குள் இறங்குகிற வாயில் இருக்கும் கம்பித் தடுப்பில் சேர்ந்த இலை, கொம்பு எல்லாவற்றையும் வாரியால் இழுத்துப் போட வேண்டும். எஸ்டேட்டின் ஒரே படகும் என் பொறுப்பு. அதன் சங்கிலிப் பூட்டுச் சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும்.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன். போன வருஷத்திலிருந்து நாட்டில் எமர்ஜென்சி வந்து ஒழுங்கு அமலில் இருப்பது உங்களுக்குத் தெரியும். பேச்சைக் குறை, உழைப்பைக் கூட்டு என்று ஆபீஸ் சுவரில் எழுதி, அதைப்பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ஒழுங்குக்கு ஒரு உதாரண புருஷன் வேண்டும் என்று மானேஜர் துரைக்குத் தோன்றியது. இருபத்தைந்து வருஷம் ஒருநாளும் பிரட்டுக்கு வராமல் இராதவன் யார் என்று பழைய புத்தகங்களைப் புரட்டினார்கள். ஒரே ஒருவன் தேறினான். ஜூன் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விழா. மாலை, பொன்னாடை, கடிகாரம்.

நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை. டீக்கடையில் நானேதான் கிண்டல் பண்ணினேன், காய்ச்சல் வராத குற்றத்துக்குக் கடிகாரம் தருகிறார்கள் என்று. ராமுத்தாய்க்குத்தான் ஆசை. வேட்டியை இரண்டு தரம் வெளுத்தாள். கடிகாரம் மாட்ட ஆணி மட்டும் நான் முன்கூட்டியே அடித்து வைத்தேன், சுவர் ஈரமாகிவிட்டால் ஆணி நிற்காது என்பதற்காக.

விழாவுக்கு முந்தின வாரம்தான் மண்டபம் முகாமிலிருந்து அவன் கடிதம் வந்தது. சிலோன்காரர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள், வந்துவிட்டேன், பதின்மூன்றாம் தேதி ஞாயிறு முதல் பஸ்ஸில் இறங்குவேன் என்று.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சிலோனிலிருந்து வருகிறவன் என்றால் கைக்கடிகாரமும் டெரிலின் சட்டையுமாக வருவான் என்று நினைத்திருந்தேன். கித்தான் பை ஒன்று, ரப்பர் செருப்பு. முன்பல் நாலைந்து இல்லை. சிரிப்பு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

"லே பெரியமுத்து!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்று அல்ல. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று என் உடம்பு நம்பிவிட்டது. அவன் கிட்டே வந்து தோளைத் தொட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு ஏன் முதலில் அழைத்துப் போகவில்லை என்று கேட்டீர்கள். ராமுத்தாய் சந்தைக்குப் போயிருந்தாள், சாயங்காலம்தான் வருவாள். தூறல் இருந்ததால் என் கம்பளியை அவன் தலைமேல் முகம் மறையப் போட்டுவிட்டேன். லயத்து வழியே போகாமல் அணைக்கு ஏறும் குறுக்குப் பாதையில் போனோம். பக்கம் என்பதால்தான். நீங்கள் ஆள் வைத்து அளந்தீர்களாம், குறுக்குப் பாதை அரை மைல் சுற்று என்கிறீர்கள். இருக்கலாம்.

தீவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது அவன். மேஜரின் சமாதியைப் பற்றி அந்தக் காலத்திலேயே கடிதத்தில் எழுதியிருந்தேன்.

"அந்த நாயாலதானலே நான் கடல் தாண்டுனேன். அதப் பாக்காம எப்டி?"

படகில் ஏறியதும் சிலோன் புராணம் தொடங்கிவிட்டது. அங்கே மலை பெரிது, அட்டை பெரிது, கொழுந்துக் கூடை பெரிது. இந்த அணை அங்கே இருந்தால் குட்டை என்பார்களாம். தீவு கண்ணுக்குத் தெரிந்ததும் எழுந்து நின்று பார்த்தான், படகு ஆடியது.

"இதாலே தீவு? நான் ஒரு தீவுலேருந்தே வாரேன். இத எங்க ஊர்ல பிள்ளைங்க சட்டியில வச்சு வெளையாடும்."

"அந்தப் பெரிய தீவுலேருந்து ஒன்ன ஏன் வெரட்டுனாங்க?" என்றேன்.

"வெரட்டல. நீ வந்த வேல முடிஞ்சிச்சு, போயிட்டு வான்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. கையெழுத்தெல்லாம் வாங்குனாங்க."

அவனுக்கு நீச்சல் தெரியாது. சிறு வயதிலேயே தெரியாது. படகு ஆடியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டான். இருபத்தைந்து வருஷத்தில் கற்றுக்கொண்டாயா என்று கேட்டேன். மலையில எங்கலே நீந்த என்றான்.

நல்ல நாள் அது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மழை விட்டுவிட்டு இளவெயில் வந்தது. எந்தத் துரையும் விரட்டாத தீவில் நாங்கள் இரண்டு பேரும் மத்தியானம் வரை சுற்றினோம். கூரையில்லாத பங்களாவுக்குள் காட்டுச் சாமந்தி இடுப்பளவு வளர்ந்திருந்தது. துரை குளித்த வெள்ளைத் தொட்டியில் தலைப்பிரட்டைகள் நீந்தின. தொட்டியின் விளிம்பில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி எனக்கு உத்தரவு போட்டான். "பொன்ராஜ், மேன், சூடா தேத்தண்ணி கொண்டா." அப்படியே துரையின் குரல். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என்னை அவ்வளவு சிரிக்க வைத்தவர்கள் வேறு யாரும் இல்லை.

பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து அவன் மனைவியைப் பற்றிச் சொன்னான். பெயர் நாச்சம்மாள். எழுபத்து நாலில் அங்கே தோட்டங்களில் பஞ்சம்.

"பாணும் இல்ல, அரிசியும் இல்ல. கெழங்கு அவிச்சு எனக்கு வச்சிருவா. நீ தின்னியான்னு கேட்டா தின்னேம்பா. நானும் நம்பிட்டேம்லே. எனக்குப் பசி, அதனால நம்பிட்டேன்."

ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தான். அப்புறம் அவனாகவே சிரித்தான்.

"மண்டபத்துல ஆபீசர் கேட்டான், இந்தியாவுல ஒனக்கு யாரு இருக்கான்னு. பொன்ராஜ்னேன். எழுதிக்கிட்டான். எம் பேர நானே சொந்தக்காரன்னு குடுத்துருக்கேன் பாத்துக்கோ."

வேறு யாரும் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றான். அவன் இங்கே வருவது வேறு யாருக்காவது தெரியுமா என்றும் கேட்டேன். யாருக்குலே தெரியணும் என்றான். கேட்டதற்கு விசேஷ நோக்கம் ஒன்றும் இல்லை. பேச்சோடு பேச்சாகக் கேட்டதுதான்.

மேஜரின் கல் பாசி பிடித்துக் கிடந்தது. அவன் குச்சியால் சுரண்டினான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான், சொன்னேன். விழா விஷயத்தைப் படகிலேயே சொல்லியிருந்தேன், பெருமைக்காக அல்ல, அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்பதற்காக. அவன் கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"லே, வார ஞாயித்துக்கெழம ஒனக்கும் இதத்தானலே எழுதிக் குடுப்பான். வருசத்த மட்டும் மாத்திக்கிடுவான்."

நானும் சிரித்தேன். நல்ல கிண்டலுக்கு முதலில் சிரிக்கிறவன் நான்.

"அதுவும் ஒனக்கு இல்ல, எனக்கு. மால எம் பேருக்கு. முன்வரிசையில உக்காந்து கை தட்டப்போறேன்."

"யார்ட்டயும் சொல்லிராத."

"ராமுத்தாய்ட்ட மட்டும் சொல்லுவேன். கட்டுனவளுக்குப் புருசன் பேரு தெரியாண்டாமா? இருவத்தோரு வருசமா எவன் பேருக்கோ வெளக்கேத்திக்கிட்டுக் கெடக்கா!"

சிரித்தான். தண்ணீருக்கு நடுவில் சிரிப்பு எங்கும் முட்டாமல் போகும்.

என் நிலைமையை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் பெயரில் வேலை பார்த்தது தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். ராமுத்தாய்க்கு மூச்சிரைப்பு, மழையில் எங்கே கொண்டுபோவேன்? மகளின் மாமனார் குணம் வேறு உங்களுக்குத் தெரியாது. இதையெல்லாம் அந்த இடத்திலேயே யோசித்தேன். நியாயமான யோசனைகள்தான், இப்போது எழுதும்போதும் ஒன்றிலும் தப்புத் தெரியவில்லை.

சோற்றுப் பொட்டலம் படகில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றேன். சீக்கிரம் வாலே, பசிக்கி என்றான். படகில் ஏறித் துடுப்புப் போட்டேன்.

முதலில் அவன் கரைக்கு வந்து கைதட்டிச் சிரித்தான். சிறு வயதில் இப்படி நிறைய விளையாடியிருக்கிறோம். ஒருவன் பலா மரத்தில் ஏறியதும் மற்றவன் ஏணியை எடுத்துக்கொண்டு ஓடுவான். போதும்லே, திரும்பு என்றான். நானும் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அக்கரையில் சங்கிலியைப் பூட்டும்வரை விளையாட்டாகத்தான் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போவதாக இருந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தென்மேற்கு மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும், எதிர்க்கரை அழிந்துவிடும். வீட்டுக்குப் போனேன். ராமுத்தாய் சந்தையிலிருந்து வந்து கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டேன் என்று அவள் உங்களிடம் சொன்னது உண்மை.

அவன் பை படகிலேயே கிடந்தது, அதனால் வீட்டுக்கு எடுத்து வந்தேன். பாஸ்போர்ட்டில் பெரியமுத்து என்று எழுதி, அதற்கு மேல் அவன் முகம். அதை மறுநாள் பாக்டரி அடுப்பில் போட்டேன். பையில் எனக்கென்று ஒரு டப்பா தேயிலை வைத்திருந்தான். தேயிலை எஸ்டேட்காரனுக்குத் தேயிலை கொண்டுவருகிறவன் அவன் ஒருவன்தான் இருப்பான். ஒரு கடைக்காரர் கொடுத்தார் என்று ராமுத்தாயிடம் சொன்னேன். ஒரு மாதம் குடித்தோம். நம்முடையதைவிட நன்றாகவே இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவன் அளந்தது பொய்யில்லை.

திங்கட்கிழமை பிரட்டு. சூப்பர்வைசர் ஆசீர்வாதம் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மழை நின்று, அணைமேல் வெண்மஞ்சு படர்ந்திருந்தது. பிரட்டுக் களத்திலிருந்து தண்ணீர் ஒரு கூப்பிடு தூரம்தான். மஞ்சுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பெரியமுத்தூ..."

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். திரும்பவும் வந்தது. ஆசீர்வாதம் கண்ணாடியை உயர்த்தினார்.

"யாருலே அது பெரியமுத்து? நம்ம புக்குல அப்டி ஒரு பயலும் கெடையாதே."

"தொரை தீவுப் பக்கமில்ல கேக்குது?" என்றாள் ஒருத்தி. "பேரு சொல்லிக் கூப்பிட்டா பதில் குடுக்கப்பிடாதும்பாங்க."

"குடுக்க ஆளிருந்தாத்தான குடுக்க." ஆசீர்வாதம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "பெரியமுத்து! ஒண்ணு. பெரியமுத்து! ரெண்டு. சரி, ஆப்சென்ட்." புத்தகத்தின் ஓரத்தில் விளையாட்டாக எழுதியும் வைத்தார். களம் முழுக்கச் சிரிப்பு. அந்த எஸ்டேட்டில் என் பெயரைக் கூப்பிட்ட பிரட்டு அது ஒன்றுதான்.

கொழுந்து பறிக்கிற மாரித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, மனுசக் கொரலு அது. தீவுல யாரும் மாட்டிக்கிட்டாங்களா? படகப் போட்டுப் பாருங்களேன்."

"படகு பூட்டிக் கெடக்கு தாயி. பறந்தா போவாங்க? மேட்டுக் காட்டுல எவனாவது மாடு தேடுவான். மலையில முட்டி இங்கிட்டுக் கேக்குது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் ஒருநாளும் தவறாதவன் சொல்கிறான், நம்பினாள். அவள் பெயர் முன்பே கூப்பிட்டாகிவிட்டதால் பறிக்கப் போய்விட்டாள். உங்களிடம் அவள் அழுதாள் என்று மத்தியாஸ் சொன்னார். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வாரியோடு கம்பித் தடுப்புக்குப் போனேன். இலையோடும் கொம்போடும் அவன் கிடந்தான். பக்கத்தில் பங்களாவின் கதவுப் பலகை ஒன்று. அதைப் பிடித்து மிதந்து வரப் பார்த்திருக்கிறான். என் கம்பளி கழுத்தைச் சுற்றி இருந்தது. அதை எடுத்துவிட்டு ஆபீஸுக்குத் தகவல் சொன்னேன். அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் அறுபது என்று எழுதினார்கள். அவனுக்கு நாற்பத்தைந்து. நான் திருத்தவில்லை. எஸ்டேட் சுடுகாட்டு ஓரத்தில் அடக்கம் பண்ணினார்கள். குழி வெட்டியதில் ஒரு கை என்னுடையது. கல் ஒன்றும் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது. பேச்சைக் குறைப்பதைப்பற்றி மானேஜர் துரை நாற்பது நிமிஷம் பேசினார். பொன்ராஜைப்போல எல்லோரும் இருந்தால் நாடு எங்கேயோ போய்விடும் என்றார். முன்வரிசையில் ராமுத்தாய்க்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மாப்பிள்ளை வரவில்லை, அதனால். கடிகாரத்தின் அடியில் பித்தளைத் தகடு அடித்துப் பெயர் போட்டிருக்கிறார்கள், நீங்களும் பார்த்தீர்கள். பொன்ராஜ், இருபத்தைந்து வருஷ இடைவிடாத விசுவாச சேவை. வருஷத்தைத்தான் மாற்றியிருந்தார்கள். மாலை போட்டபோது யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்தது. போன வாரம் முகாமிலிருந்து எஸ்டேட் ஆபீஸுக்கு ஒரு கடிதம்: பெரியமுத்து என்பவரின் டிரங்குப் பெட்டி வாங்க ஆளில்லாமல் கிடக்கிறது, உறவினர் என்று உங்கள் எஸ்டேட் பொன்ராஜின் பெயரைக் கொடுத்திருக்கிறார். ஆசீர்வாதம்தான் அதைப் பிரித்தார். படித்துவிட்டு எழுந்துபோய் ஜூன் மாதப் பிரட்டுப் புத்தகத்தை எடுத்தார். பென்சில் எழுத்து அழியாமல் இருந்ததாம். மனுஷன் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். பாவம், ஒரு தமாஷுக்கு எழுதியது.

படிவத்தின் முதல் கட்டத்துக்குத் திரும்பி வருகிறேன். பெரியமுத்து என்கிற பொன்ராஜ் என்று எழுதப்போவதாக ரைட்டர் சொன்னார். அப்படி வேண்டாம். பொன்ராஜ் என்று மட்டும் போடச் சொல்லுங்கள். கடிகாரத்தையும் தகட்டோடு வீட்டில் சேர்த்துவிடுங்கள். ராமுத்தாய் என்னோடு பேசுவதில்லை என்றாலும் சாவி கொடுத்து வைப்பாள். இருபத்தைந்து வருஷத்தில் நான் பிரட்டுக்கு வராத நாள் என்று ஒன்று கிடையாது, அதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நல்லது.

மழையால் போக முடியவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அது சரி. திங்கட்கிழமை மழை இல்லை. சாவி இடுப்பில் இருந்தது, படகில் பத்து நிமிஷம். மாரித்தாய் பறிக்கப் போன பிறகு அந்தக் குரல் இன்னொரு தடவையும் வந்தது. மற்றவர்களுக்குப் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது, பின்பாதி மஞ்சில் கரைந்துவிட்டது. எனக்கு முழுதும் கேட்டது. "பெரியமுத்தூ, சொல்ல மாட்டேம்லே... யார்ட்டயும் சொல்ல மாட்டேம்லே..." அவன் சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டான், அது எனக்குத் தெரியும்.

அப்போது ஆசீர்வாதம் புத்தகத்தில் என் வரிக்கு வந்திருந்தார். பொன்ராஜ் என்று கூப்பிட்டார்.

ஆஜர் என்றேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.